ஏமன் நாட்டுக்கு அரிசி

பூசை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சவுரியம்மாள் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணிக்கடையில் கொடுக்கிற மஞ்சள் பை. அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்திருந்தாள். கோயில் வாசலில் இரண்டு நீல டிரம்கள் இருந்தன. இரண்டிலும் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. அக்காவுக்கு எழுத்து தெரியாது.

"ஜெசி, ஏமன் நாட்டுக்கு எதும்மா?"

ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்விதான். நான் இடது பக்கத்து டிரம்மைக் காட்டினேன். மூடியைத் திறந்து பையைக் கவிழ்த்தாள். பிடி அரிசி என்று பெயர் வைத்தால் அது பிடிக்கணக்கில் இருக்க வேண்டும். இவள் கொண்டுவந்தது படிக்கணக்கில் இருந்தது. அரிசி விழுகிற சத்தம் சீக்கிரம் நிற்கவில்லை. செருப்பு மாட்டியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பையை உள்வெளியாகத் திருப்பி, தையலில் ஒட்டிக்கொண்டிருந்த குருணையையும் தட்டிவிட்டாள். பிறகு டிரம்மைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினாள். டிரம்மைப் பார்த்து யாராவது சிலுவை போடுவார்களா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அங்கன்வாடியில் நாள் முழுக்கக் குழந்தைகளோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

முகையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தவக்காலம் வந்தால் பிடி அரிசி எடுப்பது வழக்கம். உலை கொதித்ததும் அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கை அள்ளித் தனிப் பானையில் போட வேண்டும். நம் வயிற்றிலிருந்து எடுத்த பிடி அது. ஞாயிறு அன்று கோயிலில் கொட்டினால் ஊரில் முடியாதவர்களுக்குப் போகும். யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை. இந்த வருடம் அலெக்ஸ் சாமியார் யோசிக்க வைத்துவிட்டார். திண்டிவனத்துக்காரர், சின்ன வயசு. எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஏமன் நாட்டில் சண்டையால் பஞ்சம், குழந்தைகள் எலும்பும் தோலுமாகக் கிடக்கின்றன, இந்த வருடப் பிடி அரிசியை அவர்களுக்கு அனுப்பலாம் என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொன்னார்.

முதலில் எழுந்தது என் கணவர்தான். பிரான்சிஸ் கூட்டத்தில் எழுந்தால் சீக்கிரம் உட்கார மாட்டார்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. கார்த்திகை மழைல ஆத்துத் தண்ணி உள்ள பூந்து நம்ம தெருவுல எத்தன ஊடு போச்சுன்னு நீங்களே பாத்தீங்க. சவுரிம்மா ஊட்டுப் பின்செவுரு இன்னும் தார்ப்பாயாத்தான் நிக்குது. இத உட்டுட்டு எங்கியோ இருக்கிற ஊருக்கு அனுப்பறதா?"

"நமக்கும் செய்வோம், அவங்களுக்கும் செய்வோம் பிரான்சிஸ். கடல் குறுக்க இருக்குதுன்னா அவங்க நமக்கு யாரோவா?"

பின்னாலிருந்து ஒருவர், அங்கே இருக்கிறவர்கள் நம் வேதம் இல்லையே என்று ஆரம்பித்தார். என் கணவர் அவர் பக்கம் திரும்பி, "பசிக்கு இன்னாயா ஞானஸ்நானம்? நான் அதப் பேசல, நீ உக்காரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அன்று எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. அடுத்து அவர் சொன்னது அவர் இத்தனை வருடமாக எனக்கே முழுதாகச் சொல்லாதது.

அவருடைய அப்பா சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வெளிநாட்டுக் கோதுமையும் பால்பவுடரும் வந்துகொண்டிருந்தன. இரண்டு கைகள் குலுக்குகிற படம் போட்ட சாக்கு. கோதுமை தீர்ந்ததும் அந்தச் சாக்கில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். குலுக்குகிற கைகள் சரியாகப் பின்பக்கத்தில் வந்துவிட்டன. ஊர்ப் பையன்கள் அவரைக் கோதுமை என்றே கூப்பிட்டார்கள். வயசாகி, தாடி நரைத்து, பேரன் எடுத்த பிறகும் மேலத்தெருவில் அவருக்குப் பெயர் கோதுமைதான். சாவு வீட்டுக்கு வந்த ஒருவர்கூடக் கோதுமை போயிட்டானா என்றுதான் விசாரித்தாராம்.

"எட்டாத தூரத்துலருந்து வர்ற சோறு வயித்த ரொப்பும் சாமி. பேரப் புடுங்கிக்கும். பக்கத்து ஊட்டுக்காரன் குடுத்தா நாளைக்கு நாம திருப்பிக் குடுக்கலாம். அவனுக்கு எப்பிடித் திருப்பிக் குடுக்கறது? அந்த அவமானத்த இன்னோர் ஊரு புள்ளைங்களுக்கு நாம எதுக்கு அனுப்பணும்?"

சாமியார் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு மெதுவாக, "அந்தக் கோதுமை வரலன்னா உங்க அப்பா இருந்திருப்பாரா பிரான்சிஸ்?" என்றார். என் கணவர் முகம் சிவந்துவிட்டது. அதற்கு மேல் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இவர் சொல்லும்போது இவர் சரி, அவர் சொல்லும்போது அவர் சரி என்று என் மனசு இரண்டு பக்கமும் போய்வந்தது. கடைசியில் ஆளுக்கொரு டிரம் என்று முடிவானது. என் கணவர் விழுப்புரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற குட்டியானை வண்டியில் இரண்டு டிரம்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றில் 'நம்ம ஊர்' என்று எழுதினார். இன்னொன்றில் சாமியார் 'ஏமன்' என்று எழுதினார். யார் எதில் போடுவதென்பது அவரவர் இஷ்டம்.

அந்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டை நான்தான் வாசித்தேன். சாமியார் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன். "ஏமன் நாட்டில் உணவின்றி வாடும் நம் பிள்ளைகளுக்காக இறைவா உம்மை மன்றாடுகிறோம்." எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் உடைந்து வந்தது.

ஊர்ச் சனம் எதில் போடும் என்பதில் சந்தேகமே இல்லை. வலது பக்கத்து நம்ம ஊர் டிரம் ஒரே வாரத்தில் பாதிக்கு வந்துவிட்டது. இடது டிரம்மில் சாமியாருக்காக ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ஆனாலும் வாரம் போகப்போக இடது டிரம்தான் மேலே ஏறியது. எனக்கு அது நம்பவே முடியாத சங்கதியாக இருந்தது. சவுரியம்மாள் அக்கா ஒருத்தி, தனியாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். ரேஷன் அரிசியும் நூறுநாள் வேலையும்தான் அவளுக்கு. அவள் ஒருத்தியின் பை தெருவையே ஜெயித்துக்கொண்டிருந்தது. ஏரி வேலைக்கு வரும்போது தூக்குவாளியில் வெறும் நீராகாரம் கொண்டுவருகிறாள், சோற்றுப் பருக்கையைக் காணோம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

என் கணவருக்குத்தான் இது தாங்கவில்லை. நம்ம ஊர் டிரம் யாருக்காக என்று கேட்டால் முதலில் அவர் சொல்வது சவுரியம்மாள் பெயர். அந்த அரிசியை அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அதையும் சேர்த்து ஏமன் டிரம்மில் கொட்டிவிட்டாள். சாமியார் அவளிடம் ஏதோ சொல்லி மனசைக் கலைத்துவிட்டார் என்று இவர் வீட்டில் கத்தினார். சாமியாருக்கோ, பெருமையும் பயமும் சேர்ந்து முகமே சரியில்லை. ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை என்று பிரசங்கம் வைக்கலாம்தான். ஆனால் அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டே எப்படி வைப்பது?

அதனால்தான் இந்த ஞாயிறு அவள் டிரம்மை விட்டு நகர்ந்ததும் என் கணவர் வழியை மறித்தார்.

"இன்னா சவுரிம்மா, உனுக்கே ஒண்ணும் இல்ல. எதுக்கு எல்லாத்தையும் அதுலயே கொட்ற? சாமி எதனா சொன்னாரா?"

"சாமி இன்னா சொல்லப்போறாரு. ஜெசிதான் பூசையில படிச்சிச்சே."

"படிச்சா?"

"எம் புள்ள அங்கதானப்பா இருக்கான்."

யாருக்கும் புரியவில்லை. அவளுடைய ஒரே பிள்ளை சேரன் இறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தவன், தட்டில் கை வைத்திருக்கும்போது அப்பன் ஏதோ ஒரு வார்த்தை சொன்னான் என்று எழுந்து போனான். காலையில் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்கு நடுவில் கிடந்தான். தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று அப்போதிருந்த சாமியார் பூசை வைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். கல்லறைத் திருநாளில் பெயர்கள் வாசிக்கும்போது அவன் பெயரைக் கொடுக்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"செத்துப் போறவங்களுக்கும் பசிக்கும்னு இத்தினி வருஷமா ஒரு சாமியும் சொல்லல. இந்தச் சாமிதான் சொன்னாரு. ஏமன் நாட்டுல நம்ம புள்ளைங்க சோறு இல்லாம கெடக்குதுங்கன்னு. அவன் சாப்புடாம போனவன்டா பிரான்சிஸ். தட்டு அப்பிடியே இருந்துச்சி. இப்பதான போட முடியுது."

சொல்லிவிட்டுப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. ஏமனை எமன் என்று எடுத்துக்கொண்டாள் என்று பிறகு யாராவது சொல்லிச் சிரித்திருக்கலாம். அந்த நேரத்தில் முடியவில்லை. தினமும் செபமாலை முடிந்ததும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லி வளர்ந்தவள். செத்தவர்கள் எங்கோ தவித்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கிருந்து நாம் ஏதாவது அனுப்பலாம் என்பது அவளுக்குப் புதிது இல்லை. அரிசியே அனுப்பலாம் என்பதுதான் புதிது. என் குரல்தான் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கிறது. ஒரு பெண்ணுக்குள் ஒரு சோற்றுத் தட்டு இத்தனை வருடம் ஆறாமல் இருந்திருக்கிறது, நான் அதே தெருவில் இருந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மத்தியானம் சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. என் கணவரும் அவரும் மறுபடி சண்டை போட்டார்கள், ஆனால் இந்தத் தடவை பக்கம் மாறிவிட்டது.

"சொல்லாதீங்க சாமி," என்றார் என் கணவர். "அரிசி எங்க போனா இன்னா, ஏமனுக்கே போவட்டும். நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். எல்லார் ஊட்டு அரிசியையும் அதுலயே போடச் சொல்றேன். அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"பட்டினி கெடந்து போடுறாங்க பிரான்சிஸ். அது எங்க போவுதுன்னு தெரியாம போடுறாங்க. தெரிஞ்சும் நான் வாங்கிக்கினா அது திருட்டு."

"நெசத்தச் சொல்லிட்டா அவங்க புள்ள மறுபடியும் சாப்புடாதவனா ஆயிடுவான். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

சாமியார் கையிலிருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் எழுந்தார். நானும் கூட வருகிறேன் என்றேன். வாசித்தவள் நான்தானே. என் கணவர் குட்டியானையை எடுத்து எங்களைக் கொண்டுபோய் அவள் வீட்டெதிரே ரோட்டில் நிறுத்தினார். இறங்கி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பொழுது சாய்கிற நேரம். அக்கா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமியாரைப் பார்த்ததும் பதறி எழுந்து முந்தானையை இழுத்து மூடினாள். இடிந்த சுவரின் செங்கல்லை அடுக்கி வைத்திருந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். அவருக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே சொன்னார்.

"அம்மா, ஏமன்னு ஒரு ஊரு இருக்குது. நம்ம பசங்க வேலைக்குப் போறாங்களே சவுதி, அதுக்குக் கீழ. மேப்புல இருக்குது. நான் சொன்னது அந்த ஊரு."

"சவுதிக்கா?"

"சவுதி பக்கத்துல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அப்ப அது ஏமன் ஊடு இல்லியா?"

"இல்லம்மா."

"அங்க இருக்கிறவங்க செத்தவங்க இல்லியா?"

"இல்லம்மா. உயிரோட இருக்கிறவங்க. பொழைக்க வழி இல்லாதவங்க. கொழந்தைங்க நெறையா."

அக்கா முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எங்கோ ஒரு வீட்டில் மிக்சி ஓடி நின்றது. தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. அழுவாள் என்று நினைத்தேன். சாமியாரைத் திட்டுவாள், என்னையும் சேர்த்துத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். ரோட்டில் என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் புள்ள?" என்றாள் அக்கா. "அவன் பசியோடத்தான் இருக்கானா சாமி?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் சாமியார். "பசியா இருக்க மாட்டான்னு நம்பறேன். கடவுள் அவன் தட்டப் பாத்திருப்பாருன்னு நம்பறேன். தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். சந்தையில் பொருளை வாங்குவதற்கு முன் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட கேள்வியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"அந்தக் கொழந்தைங்க இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கம்மா."

"இப்பவா? இந்த நேரத்துக்கா?"

"இந்த நேரத்துக்கு இருக்கும்."

அவள் முகம் மாறியது. வருத்தம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. செத்தவர்கள் என்று நினைத்துப் பட்டினி கிடந்து சோறு போட்டவளிடம், அவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னால் எப்படி இருக்கும்? அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வாயைத் திறந்தபடி, கண் அகலமாக, சின்னப் பெண் மாதிரி இருந்தாள். எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டேன்.

"அப்ப ஜல்தியா அனுப்பணுமே சாமி," என்றாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சேத்து வச்சிக்கினு இருக்கிறோம். சேரன் பொறுத்துக்குவான். பெரியவன். இத்தினி வருஷம் பொறுத்துக்கினுதான இருக்கான். உசுரோட இருக்கிறது பொறுக்குமா?"

சாமியார் வாய் திறப்பதற்குள் அவள் உட்கார்ந்து முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். ரேஷன் அரிசி. புடைத்து ஓரமாக ஒதுக்கி, விரலால் தள்ளித் தள்ளிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். "இவ்ளோ நாளா கல்லோட கொட்டிட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "செத்தவனுக்குக் கல்லு இன்னா பண்ணும்னு உட்டுட்டேன். புள்ளைங்க பல்லுல மாட்டுனா?"

எனக்கும் தெரியும், சாமியாருக்கும் தெரியும். இந்த அரிசி ஏமனுக்குப் போகாது. விழுப்புரத்தில் விற்றுக் காசாக்கி, காசைத்தான் மறைமாவட்டம் அனுப்பும். கல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. சாமியார் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று மத்தியானம் என் கணவரிடம் சண்டை போட்ட அதே வாய். திறந்த வாயை மூடிக்கொண்டார். செங்கல்லிலிருந்து இறங்கி, வெள்ளை அங்கியைச் சுருட்டி முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு, தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். முறத்தின் ஒரு ஓரத்திலிருந்து அவரும் பொறுக்க ஆரம்பித்தார். அவருக்குப் பழக்கம் இல்லை. கல்லோடு சேர்த்து நல்ல அரிசியையும் எறிந்தார். அக்கா அதை எடுத்து எடுத்து முறத்தில் போட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டுக்குள் எரிந்த ஒரே பல்பு வாசல் வரை எட்டவில்லை. எது கல், எது கறுப்பரிசி என்று தெரியாமல் மூன்று பேரும் குனிந்துகொண்டே போனோம். ரோட்டில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போகிறார் போல என்று நினைத்தேன். வண்டி போகவில்லை. பின்னால் நகர்ந்து, திரும்பி, வாசலுக்கு நேராக மூக்கைக் காட்டி நின்றது. முன்விளக்கு இரண்டும் எரிந்தன. முறத்தில் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரிந்தது. சவுரியம்மாள் அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சின்னக் கல்லை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தூரமாக எறிந்தாள்.